பழைய பைக் விற்க விளம்பரச் செயலி: 5-க்கு 2 நட்சத்திரம்தான்

என் ஸ்ப்ளெண்டரை விற்க ஒரு இலவச விளம்பரச் செயலியில் போட்டேன். ஆள் வேகமாகக் கிடைக்கிறார்கள், அந்த 2 நட்சத்திரம் அதற்குத்தான். ஆனால் முதலில் பேசியவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, வண்டியையும் பார்க்காமல் விலையும் குறைக்காமல், "அட்வான்ஸ் அனுப்புறேன் சார், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்றார். யுபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பரே தேவையில்லை, போட்டால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும், இதை சாட் பெட்டிக்கு மேலேயே பெரிதாக எழுதி வைக்க வேண்டாமா? புகார் கொடுத்த பிறகும் அந்தக் கணக்கு அப்படியே இருந்தது. எனக்குக் கோபமே அதில்தான்.

கடைசியில் உள்ளூர்க்காரர் ஒருவர் நேரில் வந்து ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டார். எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வங்கிக் கணக்கில் பணத்தைப் பார்த்த பிறகே சாவி கொடுத்தேன்.

அப்புறம் ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று. செயலி இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. உரிமை மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து போட்டதோடு விடாமல், அரசின் பரிவாகன் தளத்தில் பெயர் மாறும்வரை விரட்டுங்கள். அதுவரை அபராதமும் விபத்து வழக்கும் உங்கள் பெயருக்குத்தான் வரும். நிரப்பாத ஃபார்மில் கையெழுத்து கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். யாருக்காவது பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், செயலியின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.