டியூபா, டியூப்லெஸ்ஸா? எண்ணெயா, மெழுகா? பந்தய சைக்கிள் சாமான்கள்: ஓர் ஒப்பீடு

ரோடு பைக் சாமான்களை ஒப்பிடுகிறவர்கள் எடையையும் வேகத்தையும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: இந்தச் சாமான் என்னிடம் எவ்வளவு வேலை வாங்கும், அந்த வேலையைத் தள்ளிப்போட்டால் என்ன செய்யும்? தொழில்முறை அணிகளில் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பந்தயம் முடிந்த மாலையே பைக்கைக் கழுவி, டயரைச் சோதித்து, தேய்ந்த செயினை மாற்றி, மறுநாளுக்குத் தயாராக நிறுத்திவிடுவார்கள். அந்த மெக்கானிக் நம்மிடம் இல்லை. அதனால் அவர்களுக்குச் சரியாக இருப்பதெல்லாம் நமக்கும் சரி என்று ஆகாது.

டயரிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் மற்ற எதைவிடவும் இங்கேதான் தேர்வு ஓட்டத்தை மாற்றுகிறது. போட்டியில் மூன்று முறைகள் உண்டு. பழையது டியூபுலர். டியூபை உள்ளே வைத்துத் தைத்து மூடிய டயர், அதை ரிம்மில் பசை தடவி ஒட்ட வேண்டும். டயரைப் பிடித்து நிறுத்தும் விளிம்புச் சுவர் தேவைப்படாததால் ரிம்மின் எடை குறையும். பஞ்சரானாலும் டயர் ரிம்மோடு ஒட்டிக்கொண்டே இருப்பதால், அணியின் கார் வந்து சேரும்வரை மெதுவாக ஓட்டிக்கொண்டிருக்கலாம். இந்தக் குணத்துக்காகத்தான் பந்தய உலகம் அதை அவ்வளவு காலம் கைவிடவில்லை. ஆனால் வேலை? பழைய பசையைச் சுரண்டி, ரிம்மிலும் டயரிலும் மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை தடவி, ஒவ்வொன்றும் காயக் காத்திருந்து, கோணாமல் ஏற்றி, ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும். அந்த ஒட்டு எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறது என்பதை 2003 டூர் டி பிரான்ஸின் ஒன்பதாவது கட்டத்தில் பார்த்தோம். மொத்தத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த ஹோசேபா பெலோக்கி, காப் நகரை நோக்கிய இறக்கத்தில், வெயிலில் தார் இளகிய சாலையில் சறுக்கினார். பின்சக்கர டயர் ரிம்மைவிட்டுப் பிடுங்கிக்கொண்டது. தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் உடைந்தன. இன்று புதிதாகச் சக்கரம் வாங்குகிறவருக்கு டியூபுலரை நான் பரிந்துரைக்கமாட்டேன். வழியில் பஞ்சரானால் தனியாளாகச் சமாளிப்பது கடினமான டயர் அது.

இரண்டாவது, நாமெல்லாம் அறிந்த கிளிஞ்சர்: தனி டியூப், தனி டயர். இதைப் பழைய பாணி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2020 டூர் டி பிரான்ஸின் இரண்டாம் கட்டத்தை ஜூலியன் அலாபிலிப் வென்றபோது அவருடைய அணி டியூப் போட்ட கிளிஞ்சர் டயர்களில்தான் ஓடியது. வித்தியாசம் எந்த டியூபைப் போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. வழக்கமான பியூட்டைல் டியூப் 100 கிராம் அளவுக்கு இருக்கும், காற்றை நாள்கணக்கில் பிடித்துவைக்கும், எத்தனை ஒட்டுப் போட்டாலும் உழைக்கும். லேடெக்ஸ் டியூப் நன்றாக இளகிக் கொடுப்பதால் உருளும் தடையைக் குறைக்கிறது. நல்ல டயருக்குள் அதைப் போட்டால் டியூப்லெஸ்ஸுக்கு மிக அருகில் வந்துவிடலாம். ஆனால் இரவுக்குள் காற்று கணிசமாக இறங்கிவிடும், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பம்பை எடுத்தே ஆகவேண்டும். டிபியூ எனும் பிளாஸ்டிக் வகை டியூப்தான் மூன்றிலும் இலகு. மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும், உதிரியாக எடுத்துப்போக இதைவிட நல்லது கிடையாது. அதற்கு அதற்கென்றே வரும் ஒட்டுத்தான் பிடிக்கும். டயருக்கு வெளியே வைத்துக் காற்றை நிறைய ஏற்றினால் நீண்டுபோய்த் திரும்பாது. ரிம் பிரேக்கின் சூடு சில வகைகளுக்கு ஆகாது, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது டியூப்லெஸ். ரிம்மின் உட்புறத்தை டேப்பால் அடைத்து, டயருக்குள் சீலன்ட் திரவத்தை ஊற்றி, காற்றடித்து விளிம்பைப் பொருத்துகிறோம். சிறு ஓட்டை விழுந்தால் சீலன்ட் அதை அடைத்துவிடும், பல நேரம் பஞ்சரானதே வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் தெரியும். உள்ளே டியூப் இல்லாததால், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிக் கிழிய எதுவும் இல்லை. ஆகவே காற்றைக் குறைத்து ஓட்டலாம். 2021 பாரிஸ்–ரூபே பந்தயத்தின் சேறு நிறைந்த கற்சாலைகளில் சோனி கோல்பிரெல்லி வென்றது டியூப்லெஸ்ஸில்தான். கரடுமுரடான சாலை, முள், கண்ணாடித் துண்டு என்றால் இதற்கு நிகர் இல்லை.

ஆனால் சீலன்ட் காய்ந்துபோகும். வெப்பத்தைப் பொறுத்து இரண்டிலிருந்து ஆறு மாதங்களில் அது ரப்பர் தோலாக மாறிவிடும். அதன்பின் நீங்கள் ஓட்டுவது வெறும் டயர்தான், அதுவும் பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையோடு. வால்வு அடைத்துக்கொள்ளும், அதன் உள்பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும். டயர் விளிம்பு முதல்முறை உட்கார மறுத்தால் சாதாரணப் பம்ப் போதாது. பெரிய கிழிசலைச் சீலன்ட் அடைக்காது, அப்போது வழியில் டியூப் ஒன்றைப் போட்டுத்தான் வீடு திரும்பவேண்டும். எனவே டியூப்லெஸ் ஓட்டுகிறவரும் டியூப் எடுத்துப்போக வேண்டும், இறுக்கமான அந்த டயரை வெறுங்கையால் கழற்றியும் பழகியிருக்க வேண்டும்.

வாரத்தில் பல நாள் ஓட்டுகிறவர், சீலன்ட் மாற்றும் நாளைக் காலண்டரில் குறித்துவைக்கிறவர் என்றால் டியூப்லெஸ். பைக் வாரக்கணக்கில் சும்மா நிற்குமானால், அல்லது பந்தயத்துக்கென்று எடுத்துவைத்த இரண்டாவது சக்கரச் சோடி என்றால், டியூப்தான் என் தேர்வு. நிற்கும் சக்கரத்தில் சீலன்ட் வீணாகக் காய்கிறது.

எதை எடுத்தாலும் அகலத்தையும் காற்றையும் சரியாக வைக்காவிட்டால் பயனில்லை. ஒரு காலத்தில் 23 மி.மீ. டயரில் 110, 120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) ஏற்றினார்கள், கல்போல் இறுகினால்தான் வேகம் என்று நம்பினார்கள். உண்மையான சாலையில் அந்த இறுக்கம் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் ஓட்டுபவரையே தூக்கிப்போட்டு ஆற்றலை வீணடிக்கிறது. இன்று 28, 30 மி.மீ. டயரும் அதைவிட மிகக் குறைந்த காற்றும் பந்தயத்திலேயே சாதாரணம். இதில் ஓர் எச்சரிக்கை. டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ஹுக்லெஸ் ரிம்களுக்கு 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐதான் உச்சவரம்பு. அவற்றில் டியூப்லெஸ் டயரைத் தவிர வேறெதையும் மாட்டக்கூடாது. ரிம் தயாரிப்பாளரின் பட்டியலில் இல்லாத டயரையும் மாட்டாதீர்கள். 2024 யுஏஇ டூரில் தாமஸ் டி கெண்ட் விழுந்தபோது டயர் ஹுக்லெஸ் ரிம்மைவிட்டுக் கழன்று கிடந்தது, அதன்பின் வீரர்கள் சங்கமே கேள்வி எழுப்பியது. எனக்குத் தேர்வு இருந்தால் கொக்கி உள்ள ரிம்மையே எடுப்பேன். அதில் கிளிஞ்சர், டியூப்லெஸ் இரண்டும் போகும், தவறுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும்.

பிரேக்கைப் பற்றி நீண்ட விவாதம் இனித் தேவையில்லை. சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை 2018இல் சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ முழுமையாக அனுமதித்தது, புதிய பந்தய பைக்குகள் ஏறக்குறைய எல்லாம் அதோடுதான் வருகின்றன. மழையில் பிடிப்பு பெரிதாக மாறாது, கார்பன் ரிம் சூடேறாது, அகல டயருக்கு இடம் கிடைக்கும். கேட்கும் வேலை வேறு மாதிரி: ரோட்டர் எனும் உலோகத் தட்டிலும் அதை அழுத்தும் பேடிலும் துளி எண்ணெய்கூடப் படக்கூடாது, சக்கரத்தைக் கழற்றிய நிலையில் லீவரை அழுத்தக்கூடாது. ஷிமானோ நிறுவனத்தின் ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ., 1.5 மி.மீ.க்குத் தேய்ந்தால் மாற்றவேண்டும். பிரேக்கை இயக்கும் திரவங்களான மினரல் ஆயிலும் டாட் திரவமும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை, தவறியும் கலக்காதீர்கள். டாட் ஈரத்தை உறிஞ்சும், காலாகாலத்தில் மாற்றவேண்டும். உங்களிடம் ஏற்கெனவே அலுமினிய ரிம்மில் நல்ல ரிம் பிரேக் பைக் இருந்தால், பிரேக்குக்காக மட்டும் அதை விற்காதீர்கள். பேடில் சிக்கிய உலோகத் துணுக்குகளை ஊசியால் எடுத்துவிட்டு, ரிம் சுவரின் தேய்மானக் குறியைப் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம் செயின். எண்ணெயா மெழுகா என்ற சண்டையில் வாட் கணக்குகள் பறக்கின்றன. 1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு செயின் இயக்கத்தின் திறனை அளந்தபோது அதிகபட்சம் 98.6 சதவீதம் கிடைத்தது. திறனைப் பெரிதும் மாற்றியவை பல்சக்கரத்தின் அளவும் செயினின் இழுவிசையும். எண்ணெயால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது சுத்தமான ஆய்வகம். சாலையில் தூசி இருக்கிறது, என் பார்வையில் செயினில் எதைப் போடுகிறோம் என்பது தூசி சம்பந்தப்பட்ட கேள்விதான். எண்ணெய் தூசியைப் பிடித்து உருளைகளுக்குள் கொண்டுபோய் அரைக்கும் பசையாக்குகிறது. உருகிய மெழுகில் தோய்த்த செயின் ஆறியபின் தொட்டால் கையில் ஒட்டாது, தூசியும் அவ்வளவாக ஒட்டாது.

மெழுகின் சிரமம் தொடக்கத்தில்தான். தொழிற்சாலைக் கிரீஸ் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மெழுகு பிடிக்காது. கரைப்பானில் பலமுறை அலசி, கடைசியாக ஆல்கஹாலில் அலசிக் காயவைக்க வேண்டும். மெழுகைத் தீயில் உருக்காதீர்கள், அது எரியும் பொருள். வெப்பம் கட்டுக்குள் இருக்கும் மின்பாத்திரத்தில் 90 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, செயினை நன்றாக அசைத்து, எடுத்துத் தொங்கவிட்டு, ஆறியதும் கணுக்கணுவாக மடக்கி இளக்கவேண்டும். உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை இது. மழையில் நனைந்தால் அன்றே கழற்றிக் காயவைக்க வேண்டும், விட்டால் துரு ஏறும். 11, 12 வேகச் செயின்களின் (பின்னால் 11, 12 பல்சக்கரங்கள் உள்ள பைக்குக்கானவை) இரு முனைகளை இணைக்கும் குவிக் லிங்கை ஒருமுறை மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறார்கள் பல தயாரிப்பாளர்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உலர்ந்த, தூசியான சாலைக்கு மெழுகு, இரண்டு செயின்களை மாற்றி மாற்றிப் போட்டால் இன்னும் சுலபம். தினமும் மழையில் ஓட்டுகிறவருக்கு எண்ணெயே பொருந்தும். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, சில மணிநேரம் ஊறவிட்டு, வெளிப்புறத்தைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், வெளியே மினுங்குவது தூசிக்கு அழைப்பு. இரண்டு தரப்பும் மறக்கும் வேலை அளப்பது. புதுச் செயினில் 24 கணுக்கள் சேர்ந்து 304.8 மி.மீ. இருக்கும். அது 1.5 மி.மீ. நீண்டால் 0.5 சதவீதத் தேய்மானம், 11, 12 வேகச் செயினை அப்போதே மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பின்பல்சக்கரமும் அதே அளவுக்குத் தேய்ந்து, புதுச் செயின் அதில் நழுவும்.

கியர் மாற்றத்தில் எலக்ட்ரானிக் என்றால் பேட்டரி, மெக்கானிக்கல் என்றால் கேபிள், இதைத் தவிரக் கவனிக்கப் பெரிதாக எதுவும் இல்லை. பேட்டரி தீரப்போவதை முன்கூட்டியே காட்டிவிடும். கேபிள் ஷிஃப்டருக்குள்ளேயே இழை இழையாக அறுந்துகொண்டிருக்கும், வெளியே தெரியாது. மெக்கானிக்கல் வைத்திருப்பவர்கள், நேற்றுவரை சரியாக விழுந்த கியர் காரணமில்லாமல் தடுமாறினால் திருகைத் திருப்பிச் சரிசெய்ய முயல வேண்டாம். ஷிஃப்டரின் ரப்பர் உறையை மடக்கி, கேபிளின் தலைப்பகுதியைப் பாருங்கள். ஓர் இழை பிரிந்திருந்தாலும் முழுக் கேபிளையும் மாற்றிவிடுங்கள். அறுந்த துண்டு உள்ளே சிக்கினால் அதை வெளியே எடுப்பது கேபிள் மாற்றுவதைவிடப் பல மடங்கு வேலை.