மைனஸ் 5-இல் ஒரு வருஷம்: குளிரூட்டிய கேமராவைப் பற்றி

சோனியின் ஐஎம்எக்ஸ்533 கலர் சென்சார் போட்ட, குளிரூட்டி வைத்த வானியல் கேமரா என்னுடையது. இதே சென்சாரை வைத்துப் பல கம்பெனிகள் கேமரா விற்கின்றன. என்னுடையது யாருடையது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன், ஏனென்றால் இங்கே எழுதுவதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. ஆனால் இதை நான் சரியாகப் புரிந்துகொண்டது ஓர் அமாவாசையை ஒட்டி நடந்த ஸ்டார் பார்ட்டியில் (வானம் பார்ப்பவர்கள் இருட்டான இடத்தில் கூடும் இரவு), ஒரே ஒரு இரவில்தான்.

முதலில் அளவுகள். சதுரமான சென்சார், பக்கத்துக்கு 11.31 மி.மீ. 3008-க்கு 3008 பிக்சல், அதாவது 9 மெகாபிக்சல். "இவ்வளவுதானா?" என்று போனில் படம் எடுப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரு பிக்சல் 3.76 மைக்ரான். 400 மி.மீ. குவியத் தொலைவு உள்ள என் 80 மி.மீ. ரிஃப்ராக்டரில் (லென்ஸ் வைத்த தொலைநோக்கி) மாட்டினால் ஒரு பிக்சலுக்கு 1.94 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க்செகண்ட்), மொத்தப் பரப்பு ஒரு பக்கம் 1.6 டிகிரி. எம்33 என்ற சுருள் கேலக்ஸி தாராளமாக உட்காரும். ரோசெட் நெபுலா என்ற வாயு மேகம் அளந்து தைத்த சட்டை மாதிரி பொருந்தும். ஆண்ட்ரோமீடா கேலக்ஸிக்கு மட்டும் இடம் போதாது. அது 3 டிகிரி நீளம், துண்டு துண்டாக எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். சதுரம் என்பதால் கேமராவை எந்தக் கோணத்தில் திருப்புவது என்ற தலைவலி பெரும்பாலும் இல்லை. இருட்டில் கை விறைத்து நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

குளிர்விப்பதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். சென்சாருக்குப் பின்னால் மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடும் ஒரு விசிறியும் இருக்கின்றன. சுற்றியுள்ள காற்றை விட 35 டிகிரி வரை கீழே இறக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நானும் எல்லோரையும் போல மைனஸ் 10 என்று வைத்து, அதற்கான டார்க் ஃப்ரேம்களை (மூடி போட்டு எடுத்து, பிறகு படத்திலிருந்து கழிக்கும் இருட்டுப் படங்கள்) வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டு போயிருந்தேன். அன்று சாயங்காலம் காற்று 26 டிகிரி. மைனஸ் 10-க்கு 36 டிகிரி இறங்க வேண்டும். கூலர் 100 சதவீதத்தில் மூச்சுத் திணறி மைனஸ் 9-இல் நின்றுவிட்டது, அதற்குக் கீழே நகரவில்லை. பெட்டியில் போட்ட 35 பொய் இல்லை. ஆனால் 35-ஐ நம்பிக் கணக்குப் போடக் கூடாது, 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 5-க்கு மாற்றினேன். 80 சதவீதத்தில் அமைதியாக நின்றது, விடியற்காலையில் 45-க்கு வந்தது. அதிலிருந்து எனக்கு வருஷம் முழுக்க மைனஸ் 5 மட்டும்தான்.

"மைனஸ் 5 போதுமா, மைனஸ் 20 வேண்டாமா?" என்று கேட்பீர்கள். போதும். சென்சாரில் வெப்பத்தால் ஊறிவரும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒவ்வொரு 6, 7 டிகிரிக்கும் இரு மடங்காகும். இறக்கினால் அதே கணக்கில் குறையும். இந்தச் சென்சாரில் அது ஏற்கெனவே மிகக் குறைவு. மைனஸ் 5-க்கும் மைனஸ் 10-க்கும் என் படங்களில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எத்தனை டிகிரிக்கு இறக்குகிறோம் என்பது பெரிய விஷயம் இல்லை, இறக்கிய இடத்தில் அது அசையாமல் நிற்பதுதான் விஷயம். இதைத்தான் அன்றைய இரவு எனக்குப் புரிய வைத்தது.

எட்டு மணிக்குள் எம்33-ஐப் பிடித்துவிட்டேன். 27 லட்சம் ஒளியாண்டு தொலைவு. கெய்ன் (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவு) 100, ஒரு ஃப்ரேம் 180 விநாடி. முதல் ஃப்ரேம் திரையில் விழுந்ததுமே சுருள் கையின் ஓரத்தில் என்ஜிசி 604 என்ற வாயு மேகம் சிவப்பாக ஒரு புள்ளி. என் பழைய டிஎஸ்எல்ஆரில் இதே பொருளை இரண்டு மணி நேரம் எடுத்தும் அது சாம்பல் நிறக் கறையாகத்தான் வந்தது. காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. இந்த மேகங்களின் சிவப்பு ஒளியான ஹைட்ரஜன்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டரில் இருக்கிறது, சாதாரண கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடி அதில் பெரும்பகுதியை வெட்டிவிடும். இதில் அந்தக் கண்ணாடி இல்லை. அதனாலேயே ரிஃப்ராக்டர் வைத்திருப்பவர்கள் புற ஊதா, அகச்சிவப்பு ஒளியை வெட்டும் யுவி-ஐஆர் கட் ஃபில்டர் தனியாகப் போட வேண்டும். போடாவிட்டால் நட்சத்திரங்கள் வீங்கிப்போகும். போட்டால் ஃபில்டரின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, புலத்தைச் சமன் செய்யும் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே வைக்கும் 55 மி.மீ. இடைவெளியோடு கூடும். அதை மறந்துவிட்டு மூலை நட்சத்திரங்கள் ஏன் நீளுகின்றன என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு எம்33 உச்சியைக் கடக்க, மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு நகர்த்தும் அமைப்பு) தானாக மறுபக்கம் திரும்பியது. ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்டைத் திருத்தும் கைடிங் மறுபடி பிடித்தது. அடுத்த ஃப்ரேமும் ஆரம்பித்தது. எல்லாம் சரி என்று எழுந்துவிட்டேன்.

பக்கத்தில் பெரிய டாப்சோனியன் (கண்ணால் பார்ப்பதற்கான கண்ணாடித் தொலைநோக்கி) வைத்திருந்த ஒரு பெரியவர். படம் எடுக்கிறவர்கள் மேல் அவருக்கு ஒரு செல்லக் கோபம்.

"தம்பி, உங்க லேப்டாப் வெளிச்சம் என் கண்ணுல ஊசி மாதிரி குத்துது."

"மூடிட்டேன்யா, மன்னிச்சுக்கோங்க."

"மூடிட்டீங்கல்ல, வாங்க. நீங்க எடுக்கிறதை நான் காட்டுறேன்."

ஐபீஸில் குனிந்தேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார். மெல்ல ஒரு மங்கல் வந்தது, அதில் இரண்டு கைகள் சுருண்டிருந்தன. அவர் என்னை அவசரப்படுத்தவே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டேன்.

திரும்பி வந்து சிவப்பு ஃபிலிம் ஒட்டிய திரையைத் திறந்தால், கூலர் 0 சதவீதம். ஃப்ரேம்களின் ஃபிட்ஸ் ஹெடரில் (படக் கோப்போடு சேர்ந்து பதிவாகும் குறிப்பு) வெப்பநிலை வரிசையாக: மைனஸ் 5, மைனஸ் 5, 3, 14, 19, 22, 23, 23, 23. மவுண்ட் திரும்பும்போது கேபிள் இழுபட்டு 12 வோல்ட் பிளக் பாதி வெளியே வந்திருந்தது. கேமரா நின்றுபோயிருந்தால் உடனே தெரிந்திருக்கும். அது நிற்கவில்லை. படம் எடுக்க யுஎஸ்பி மின்சாரம் போதும், கூலருக்கு மட்டும்தான் 12 வோல்ட். அதனால் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் 22 ஃப்ரேம் சூடாகவே எடுத்துத் தள்ளியிருக்கிறது. இதைச் செய்த கம்பெனி பிளக்குக்கு ஒரு திருகு பூட்டு வைத்திருக்கலாம். என் பெரிய குறை இது ஒன்றுதான்.

திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது, ஒரு சோதனை தானாக நடந்து முடிந்திருக்கிறது என்று. ஒரே இரவு, ஒரே பொருள், ஒரே கெய்ன். குளிரில் எடுத்த 22, சூட்டில் எடுத்த 22. 28 டிகிரி வித்தியாசம் என்றால் வெப்ப எலக்ட்ரான்கள் 16 முதல் 25 மடங்கு கூடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினேன். குளிர் ஃப்ரேமில் வானம் மணல் பரப்பியது போல ஒரே சீர். சூட்டு ஃப்ரேமில் அதே மணலில் யாரோ சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் குண்டூசித் தலைகளைக் கொட்டியது போல இருந்தது. குண்டூசிகளை எடுக்கலாம். இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு தரம் டிதர் (தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்துவது) செய்திருந்ததால், ஃப்ரேம்களை ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டாக்கிங்கில் பெரும்பாலானவை போய்விட்டன. எடுக்க முடியாதது அடியில் படிந்திருந்த வெப்பத் தடம். அதற்கு டார்க் வேண்டும், டார்க் என்றால் அதே வெப்பநிலை, அதே கெய்ன், அதே நேரம். 3 டிகிரியில் ஒன்று, 14-இல் ஒன்று, 19-இல் ஒன்று என்று ஏறிக்கொண்டே போனவற்றுக்கு எதை வைத்து டார்க் எடுப்பது?

டிஎஸ்எல்ஆர் வைத்திருந்த காலத்தில் எனக்கு எல்லா இரவும் இப்படித்தான் இருந்தது. தெரியாமலே இருந்தேன், அவ்வளவுதான். அதிலும் டார்க் எடுப்பதற்காக நல்ல இருட்டில் ஒரு மணி நேரத்தை மூடி போட்டு வீணாக்குவேன். இப்போது மறுநாள் பகலில், நிழலில், மூடி போட்டு மைனஸ் 5-இல் 30 டார்க் எடுத்தேன். ஒன்றரை மணி நேரம், நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதே டார்க்குகளை அடுத்தடுத்த இரவுகளுக்கும் பயன்படுத்துகிறேன். இருண்ட வானத்தைத் தேடிப் போகிறவனுக்கு ஒவ்வோர் இரவும் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. நான் காசு கொடுத்தது இதற்குத்தான்.

மற்றவை சுருக்கமாக. ஆம்ப் குளோ (சென்சாரின் மின்சுற்றால் படத்தின் ஓரத்தில் வரும் ஒளிர்வு) அறவே இல்லை. ஒரு ஃப்ரேம் 18 எம்பி, பழைய லேப்டாப்பும் தாங்கும். கூலர் முழு வேகத்தில் 3 ஆம்பியர் வரை இழுக்கும். மவுண்ட், பனி ஹீட்டர் எல்லாம் சேர்த்து இரவு முழுக்க ஓட எனக்கு 50 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி மட்டுமட்டாகத்தான் போதுகிறது. பேட்டரியைக் கணக்கில் சேர்க்காமல் இந்தக் கேமராவை வாங்காதீர்கள்.

ஈரம் அதிகமான ஓர் இரவில் படத்தின் நடுவே வெள்ளையாக ஒரு பூ பூத்தது. சென்சார் அறைக்குள் உறைபனி. விற்றவர்களிடம் கேட்டதற்கு ஒன்பது நாள் கழித்து ஒரே வரியில் பதில்: "டெசிகண்ட் மாத்துங்க." பதில் சரிதான், ஒன்பது நாள்தான் அதிகம். ஈரம் உறிஞ்சும் அந்த மாத்திரைகளைக் காயவைத்துப் போட்டதும் மறுபடி வரவில்லை.

டிஎஸ்எல்ஆரில் இன்னும் ஃபோகஸும் கைடிங்கும் கைக்கு வராதவர்கள் பொறுத்திருங்கள். அவற்றை இந்தக் கேமரா சரி செய்யாது, தவறுகளை இன்னும் தெளிவாகக் காட்டும். அவை கைவந்தவர்கள் தயங்க வேண்டியதில்லை.

அன்று பின்னிரவில் பிளக்கை வெல்க்ரோவால் கட்டிவிட்டு ரோசெட் எடுத்தேன். மூன்று மணிக்கு மவுண்ட் திரும்பும் சத்தம் கேட்டதும் இருட்டுக்குள்ளிருந்து பெரியவரின் குரல்: "தம்பி, ஒயரைப் பார்த்தீங்களா?"

பார்த்தேன். மைனஸ் 5.