ஒன்பது முறை ஐசி கேட்டார்கள், பிஸ்கட் டின்னைக் கேட்கவில்லை

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. சிங்கப்பூரில், அங் மோ கியோ வீட்டில் பெரியம்மா வழக்கம்போல விரதம். 74 வயது, சர்க்கரை நோய் வந்து இருபது வருடம். மதியம் மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வியர்வை, பேச்சுக் குழறல். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனபோது சர்க்கரை 2.9 மில்லிமோல், ஊர்க் கணக்கில் 52. இங்கிலாந்திலிருந்து வந்த இந்தப் பயணத்தில் விமானம், பெட்டி, தேக்கா சாப்பாடு எல்லாம் நன்றாகவே நடந்தன. எழுத வேண்டியது இந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

குளுக்கோஸ் ஏற்றியதும் பெரியம்மா எழுந்து உட்கார்ந்து, "வீட்டுக்குப் போகலாமா?" என்றார். அனுப்பவில்லை. அது சரியான முடிவு. கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்கவைக்கும் கிளிபிசைடு, கிளிமெபிரைடு வகை மாத்திரைகளால் சர்க்கரை இறங்கினால், குளுக்கோஸ் தீர்ந்தபின் திரும்பவும் இறங்கும். சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்கு ஒரு நாளோ அதற்கு மேலுமோ கண்காணிப்பு தேவைப்படலாம். இங்கிலாந்தில் இதே நிலைமைக்குக் கட்டில் கிடைக்க, நடைபாதை ஸ்ட்ரெச்சரில் எத்தனை மணி நேரம் கிடக்க வேண்டியிருக்கும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

வார்டில் மாத்திரை தர வந்த ஒவ்வொரு தாதியும் பெயரைக் கேட்டார், ஐசி (அடையாள அட்டை) எண்ணைக் கேட்டார், கைப்பட்டையை ஸ்கேன் செய்தார், பிறகு மருந்தை ஸ்கேன் செய்தார். ஒன்பது முறை என்று பெரியம்மா எண்ணிச் சலித்துக்கொண்டார். சலிக்கக் கூடாது. கட்டில் எண் அடையாளம் ஆகாது, ஆள் கட்டில் மாறுவார். பெயர் மட்டும் போதாது, ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது நம்மிடையே அதிசயமா? "நீங்கள்தானே லட்சுமி?" என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் யாரும் தலையாட்டுவார்கள். அதனால்தான் "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்லவைக்கிறார்கள்.

இத்தனை கச்சிதத்துக்கு நடுவில் ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. கணினியில் இருந்தவை பாலிகிளினிக் (அரசு மருந்தகம்) கொடுத்த மருந்துகள்: மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம் இரண்டு வேளை, கிளிபிசைடு 5 மில்லிகிராம் இரண்டு வேளை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை." சாப்பிடாமல் மாத்திரை போட்டதால் வந்த வினை என்று எழுதியாகிவிட்டது. பாதி உண்மை.

மீதி உண்மை வெளிவந்தது மறுநாள், வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில். மருந்துப் பையோடு வந்த மருந்தாளர் ஒரு மலாய்ப் பெண். பட்டியலைப் படித்துக்காட்டிவிட்டு, பெரியம்மாவுக்குப் பழகிய பாசார் மலாயிலேயே (சந்தை மலாய்) கேட்டார்: "ஊபாட் இந்தியா அடா, ஆன்ட்டி?" இந்திய மருந்து இருக்கிறதா என்று பொருள். "அடா, அடா!" (இருக்கு, இருக்கு) என்று பளிச்சென்று பதில். திருச்சியிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் "சுகர் மாத்திரை" வீட்டில் பிஸ்கட் டின்னில் இருக்கிறதாம். பெரியம்மா டாக்டரிடம் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் மருந்து என்றால் ஆஸ்பத்திரி கொடுப்பது. ஊரிலிருந்து வருவது ஊர் மாத்திரை, லேகியம் என்றால் லேகியம். பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். ஊர் மாத்திரை, சித்த மருந்துப் பொடி, பாகற்காய் மாத்திரை, கண் சொட்டு, ஊசி, வாரம் ஒருமுறை போடுவது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முதல் மணி நேரத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி கடைசி மேசையில் வந்தது என்பதுதான் எரிச்சல். வந்ததே என்பது ஆறுதல்.

டின்னை எடுத்துவந்து கொட்டிப் பார்த்தபோது, அட்டையில் பிராண்டுப் பெயரின் வாலில் ஜிபி என்று இரண்டு எழுத்து. உள்ளே இருப்பது கிளிமெபிரைடு 1 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம். பிராண்டு பெரிய எழுத்தில், மருந்தின் பெயர் பின்புறம் எறும்பு எழுத்தில். காலையும் இரவும் ஒன்று. கணக்குப் போடுங்கள்: கணையத்தை விரட்டும் மாத்திரை இரண்டு வகை, மெட்ஃபார்மின் 1,700-உடன் 1,000 சேர்ந்து நாளுக்கு 2,700 மில்லிகிராம். சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 45 மில்லிலிட்டருக்குக் கீழே போனவருக்கு நாளுக்கு 1,000-ஐத் தாண்டக் கூடாது, 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினே கூடாது. பார்சல் சுமக்கிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்து கொண்டுவர இங்கே அனுமதி உண்டு. கொண்டுவந்தது எந்த மருத்துவப் பதிவிலும் ஏறாது, அரசின் ஹெல்த்ஹப் சுகாதாரச் செயலியிலும் தெரியாது.

அட்டையைக் கத்தரிக்கோலால் துண்டுபோடும் பழக்கம் இன்னொரு தலைவலி. பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி வேறு துண்டிலும் போய்விடும். ஒரு துண்டு என்ன மருந்து என்றே கடைசிவரை தெரியவில்லை.

டின்னுக்குள் ஊர் குளுக்கோமீட்டரும் இருந்தது. அன்று மதியம் பணிப்பெண் அதில் சோதித்திருக்கிறார், 62 காட்டியிருக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் "4-க்குக் கீழே போனால் சர்க்கரை கொடு" என்றிருந்தது. 62 நாலைவிடப் பெரிதுதானே, பேசாமல் இருந்துவிட்டார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஊர்க் கருவி மில்லிகிராமில் காட்டும், சிங்கப்பூர்த் தாள் மில்லிமோலில் பேசும். 18-ஆல் வகுத்தால் 62 என்பது 3.4. தாளில் "4 அல்லது 72" என்று இரண்டு எண்ணும் இருந்திருந்தால் ஆம்புலன்ஸே வந்திருக்காது. சர்க்கரை இறங்கினால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சீனி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மைலோவும் சாக்லேட்டும் உதவாது, கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இங்கிலாந்தில் 2021 பிப்ரவரியிலிருந்து, ஆஸ்பத்திரி விட்டுப்போகிறவரின் மாறிய மருந்துப் பட்டியலை அவருடைய பேட்டை மருந்துக்கடைக்கே அனுப்பும் சேவை உண்டு. கடைக்காரர் பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆனால் அங்கேயும் டின்னைத் திறப்பவர் எவருமில்லை. இங்கே அந்த மலாய்ப் பெண் அச்சடித்த பட்டியலின் அடியில் பேனாவால் "இந்தியா மாத்திரை: நிறுத்தவும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். அச்சில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

தீபாவளிக்குத் திருச்சியிலிருந்து மாமா வருகிறார். இந்த முறை மாத்திரை வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னதும், "சரி, அப்ப லேகியம் மட்டும் ரெண்டு டப்பா போடட்டுமா?" என்றார்.