கொழும்பு புறக்கோட்டையில் ரெகுலேட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

மகனின் பாடசாலைக் கண்காட்சிக்கு ஒரு சின்ன வண்டி செய்தோம். 12 வோல்ட் பற்றரி, 5 வோல்ட் மோட்டர், நடுவில் வோல்டேஜை ஐந்தாகக் குறைத்துக் கொடுக்கும் 7805 ரெகுலேட்டர். அரை நிமிடம் ஓடும், நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்தால் தானாகவே திரும்ப ஓடும். ரெகுலேட்டரைத் தொட்டால் விரல் சுட்டுவிடும்.

வாங்கியது முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையில். கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. "அண்ணே, இது டூப்ளிகேட். ஒரிஜினல் போடுங்க" என்று ஐந்து மடங்கு விலைக்கு இன்னொன்றைத் தந்தார். அந்த டூப்ளிகேட்டை விற்றதும் அவர்தான்! புதியதும் அதே கொதி கொதித்தது. மறுபடி போனேன். "விட்டுட்டுப் போங்க, செஞ்சு தாறோம்" என்றார். நாலு நாள், 3,800 ரூபா. பில் கேட்டதற்கு, ரிப்பேருக்குப் பில் போடுவதில்லையாம்.

வீட்டில் திறந்து பார்த்தால், இரண்டு 7805ஐச் சேர்த்து ஈயம் வைத்திருக்கிறார்கள். சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகத் துண்டு, அதுதான் ஹீட் சிங்க், கிடையாது. இரண்டு மாடு பூட்டினால் பாரம் பாதியாகும் என்று நினைத்தார்கள் போல. இரண்டின் வோல்டேஜும் அச்சொட்டாக ஒன்றாக இருக்காது. ஒரு துளி கூடுதலாகக் கொடுப்பதே பெரும்பாலான பாரத்தையும் இழுக்கும்; மற்றது சும்மா கிடக்கும்.

பிறகு பக்கத்து வீட்டுப் பெடியன் மீட்டரோடு வந்தான். மோட்டர் இழுப்பது 0.9 அம்பியர். "அங்கிள், பன்னிரண்டை ஐந்தாக்க மிச்ச 7 வோல்ட்டை இது சூடாகத்தான் கழிக்கும்" என்றான். 7ஐ 0.9ஆல் பெருக்கினால் 6.3 வாட். ஹீட் சிங்க் இல்லாமல் இந்த ரெகுலேட்டர் ஒன்றரை வாட் தாங்கினாலே பெரிய காரியம். சூடு மிஞ்சினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், ஆறினால் ஓடும். ஒரிஜினலும் அப்படித்தான். இந்தப் பெருக்கலைக் கடைக்காரர் முதல் நாளே போட்டிருக்கலாம்.

வேறு கடையில் எல்எம்2596 பக் கன்வேர்ட்டர் ஒன்று வாங்கினோம், சில நூறு ரூபா. இதுவும் வோல்டேஜைக் குறைப்பதுதான், ஆனால் மிச்சத்தைச் சூடாகக் கழிக்காமல் மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்துக் குறைக்கும். மீட்டரை வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகிவிட்டுத்தான் மோட்டரைக் கொடுத்தோம். இதில் வீணாவது ஒரு வாட் அளவுதான், வெதுவெதுப்போடு சரி.

நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடச் சொன்னார்கள். கையில் பில் இல்லாமல் எதைக் காட்டுவது? வேலைக்குக் கொடுக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

கழற்றிய ரெகுலேட்டர்களை எல்லாம் அன்றிரவே சோதித்தோம். ஒவ்வொன்றும் சரியாக 5 வோல்ட் தருகிறது, கடைக்காரர் டூப்ளிகேட் என்று ஒதுக்கியதும்தான்.