புளொக் பெட்டி: மேற்பலகையை இரண்டாம் தரம் மாற்றிய கையோடு

பளுதூக்கும் பாரை உயரத்தில் இருந்து தூக்க, இரு பக்கத் தட்டுகளுக்கும் கீழே ஒவ்வொன்றாக வைக்கும் மரப்பெட்டிதான் புளொக். எங்கள் பெட்டியின் மேற்பலகை இரண்டாம் தரமும் வெடித்து, மாற்றியாயிற்று. "புளொக் தேவையோ, ஹாங்கில் (பாரைக் கையில் தொங்கவிட்டபடி) தூக்கினால் காணாதோ?" என்று கேட்பவர்களுக்கு அந்தச் சூட்டோடேயே பதில்.

முதலில் கரைச்சல்கள். பெரியது, பெட்டி நகர்வது. வன்னித் தூசி படிந்த சீமெந்து நிலத்தில் 100 கிலோவை மேலிருந்து விட்டால், ஐந்தாறு தூக்குக்குள் ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் போய்விடும். பார் சரிந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியாது, இடுப்புக்குத்தான் தெரியும். இரண்டையும் சட்டம் அடித்து இணைத்தால் நகராதுதான். ஆனால் தவறின தூக்கில் பின்னுக்கு விலகும் கால் அதில் தடக்கும். அடியில் பழைய லொறி ரியூப்பை வெட்டி ஒட்டி, நிலத்தில் பெயின்ற் கோடு போடுங்கள். ஒவ்வொரு செற்றுக்கும் முன் கூட்டுமாறும் வேண்டும்.

பலகை ஏன் வெடிக்கிறது? 450 மில்லிமீற்றர் வட்டத் தட்டு பலகையைத் தொடுவது ஒரு கோட்டில்தான். அடி முழுக்க அந்தக் கோட்டில் விழும். அதற்கு நேர் கீழே தாங்குசட்டம் இல்லாவிட்டால் பலகை தாங்காது. புரியாணி (ஸ்குரூ) அந்தக் கோட்டில் இருந்தால் அதிலிருந்தே கீறல் தொடங்கும். சட்டத்துக்குப் பாலை மரம் நல்லது, ஆனால் துளைக்காமல் ஆணி அடித்தால் பிளக்கும், போல்ட்தான் சரி. பிளைவூட் என்றால் மாரியில் தகரம் ஒழுகும் பக்கத்தில் வைக்காதீர்கள், விளிம்பு ஊதும்.

முழங்காலடியில் இருந்து தூக்க, பெட்டி உயரத்துக்குக் கணக்கு ஒன்றே: சப்பாத்துப் போட்டு நின்று முழங்கால் சில்லின் கீழ்விளிம்பை அளந்து, 22.5 சென்ரிமீற்றரைக் கழியுங்கள். நிலத்தில் கிடக்கும் பாரின் நடு உயரம் அந்த 22.5தான். 20, 10, 5 சென்ரிமீற்றர் உயரப் பெட்டிகளாக அடுக்கினால் பலருக்கும் பொருந்தும். சின்ன இரும்புத் தட்டுகளோடு இந்தக் கணக்கு பிழையாகிவிடும். ஆண்களின் 20 கிலோ பார், பெண்களின் 15 கிலோ பார் இரண்டிலும் தட்டுகளுக்கு இடையே 131 சென்ரிமீற்றர்தான். பெட்டிகளின் உள் இடைவெளி 120 வைத்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கோடு போதும்.

இனி, ஹாங் இருக்கப் புளொக் ஏன் என்ற நியாயம். ஹாங்கில் பாரை இறக்கும்போது கிடைக்கும் துள்ளல் இங்கே இல்லை. செத்துக்கிடக்கும் பாரை அசைக்க வேண்டும். தோள் பாருக்கு முன்னால் இல்லாவிட்டால் முதல் அங்குலத்திலேயே பிழை பிடிபடும். அருவி வெட்டி (நெல் அறுத்து) வந்த பின்னேரம் நாரியை வருத்தாமல் ஸ்னாட்ச் (பாரை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) பழக இதைவிட வழி இல்லை.

ஆனாலும் புதிதாகத் தொடங்கும் பயிற்சிக் கொட்டகைக்கு இதைச் செய்யச் சொல்ல மனம் வருகுதில்லை. அந்தக் காசை பம்பர் தட்டுக்கு (விட்டாலும் தாங்கும் றப்பர் தட்டு) போடுங்கள். இங்கே மூன்றாவது மேற்பலகை ஏற்கெனவே அறுத்துச் சுவரோடு சாத்தியிருக்கிறது.