ஆயில் பம்ப்புக்குப் புது கியர்: நான்கு வருடம், 14,000 மைல் கழித்து

என்னிடம் இருப்பது 1988 ஜீப் கிராண்ட் வேகனீர். பக்கவாட்டில் மரப்பலகை போல ஸ்டிக்கர் ஒட்டி வருமே, அதே வண்டி. உள்ளே 5.9 லிட்டர் ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ்) 360 வி8 இன்ஜின். ஏஎம்சியை கிரைஸ்லர் 1987-இல் வாங்கிய பிறகும், இந்த இன்ஜினை கார்புரேட்டரோடு 1991 வரை விடாமல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

2021 கோடையில், சூடான பிறகு சிக்னலில் நின்றால் ஆயில் அழுத்தம் காட்டும் கேஜின் முள் படுத்துவிடும். டேஷ்போர்டு கேஜை நம்பாமல் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, அழுத்தம் 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு). சர்வீஸ் மேனுவல் கேட்பது 600 ஆர்பிஎம்மில் குறைந்தது 13, 1600-க்கு மேல் குறைந்தது 37.

இந்த இன்ஜினில் ஒரு வசதி உண்டு. பல இன்ஜின்களில் பம்ப், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் ஒளிந்திருக்கும். இதில் முன்பக்க டைமிங் கவரின் அலுமினியத்திலேயே பம்ப்புக்கான குழியை வார்த்திருக்கிறார்கள். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டுதான் பம்ப்பைச் சுற்றுகிறது. ஆயில் ஃபில்டர் பம்ப் மூடியிலேயே மாட்டும். ஃபில்டரைக் கழற்றி, மூடியின் போல்ட்டுகளை எடுத்தால் இரண்டு கியரும் கையில் வந்துவிடும். வீட்டிலேயே செய்யத் துணிந்ததற்கு அதுதான் காரணம்.

வாங்கிய ரிப்பேர் கிட்டில் இரண்டு கியர், மூடிக்கு அடியில் வைக்கும் ஒரு கேஸ்கெட், ரிலீஃப் வால்வுக்கு ஒரு ஸ்பிரிங். ஒரு சனிக்கிழமை மதியம் மாற்றி முடித்து, பெருமையாக ஸ்டார்ட் செய்தேன். சூடான ஐடிலில் 8. அவ்வளவுதான். அன்றைக்கு வந்த எரிச்சலில் வண்டியை விற்றுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

தப்பு என்னுடையதுதான். எதையுமே அளக்கவில்லை. அடுத்த வாரம் திரும்பத் திறந்து, கியர் முகத்தின்மேல் சிவப்பு பிளாஸ்டிகேஜ் இழையை (எவ்வளவு நசுங்குகிறது என்பதை வைத்து இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) வைத்து, கேஸ்கெட்டோடு மூடியை முறுக்கிக் கழற்றினேன். இழை நசுங்கியதாகவே தெரியவில்லை. இடைவெளி 0.006 அங்குலத்துக்கும் மேல். இருக்க வேண்டியது 0.002-இலிருந்து 0.006 வரை, 0.002-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. கிட்டோடு வந்த கேஸ்கெட் பழையதைவிடத் தடிமன். இங்கே கேஸ்கெட்டின் தடிமன்தான் கியருக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூடியின் உள்பக்கத்தில் வேறு, பழைய கியர்கள் முப்பது வருடமாகத் தேய்த்த இரண்டு வட்டங்கள். நகத்தால் தடவினால் விளிம்பு இடறியது.

ஒரு தடித்த கண்ணாடியின்மேல் 400 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, கொஞ்சம் ஆயில் விட்டு, மூடியில் மார்க்கரால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுத் தேய்த்தேன். கோடு அழியாத இடம் பள்ளம். முக்கால் மணி நேரத்தில் எல்லாக் கோடும் அழிந்தது. மெல்லிய கேஸ்கெட் போட்டு மறுபடி அளந்தபோது 0.003. போல்ட்டை முறுக்க 55 இன்ச்-பவுண்டு போதும். அலுமினியத்தில் அதற்குமேல் முறுக்கினால் மரை போய்விடும்.

கிட்டில் வந்த ஸ்பிரிங்கை நான் போடவே இல்லை. அது கொஞ்சம் விறைப்பு. ரிலீஃப் ஸ்பிரிங் உச்ச அழுத்தத்தைத்தான் கட்டுப்படுத்தும், ஐடிலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. விற்பவர்கள் என்னமோ அதையும் பெரிதாக எழுதுகிறார்கள்.

அப்புறம் பிரைமிங். குழி காலியாக இருந்தால் பம்ப் காற்றைத்தான் சுற்றும், ஆயிலை இழுக்காது. அதனால் கியர் பற்களுக்கிடையே வாசலினை அப்பி நிரப்பினேன். கிரீஸ் கூடாது, வாசலின் உருகி ஆயிலோடு கலந்துவிடும். அந்த நேரம் பார்த்து கோபியிலிருந்து அப்பா வீடியோவில் வந்தார்.

"இது நம்ம கிணத்து மோட்டாருக்கு சாணி கரைச்சு ஊத்தற மாதிரிதானே சாமி?"

"அதேதானுங்கப்பா."

ரோட்டரின் நிலையைக் குறித்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாக நீளக் கம்பியை இறக்கி டிரில்லால் வலஞ்சுழியாகச் சுற்றினேன். கொஞ்ச நேரம் டிரில் சும்மா ஓடியது. திடீரென்று பாரம் ஏறி, மணிக்கட்டைத் திருகப் பார்த்தது. ஆயில் ஏறிவிட்டது. கேஜில் 40.

சூடான ஐடில் அன்றைக்கு 16, நெடுஞ்சாலையில் 45. இப்போது, 14,000 மைல் கழித்து, 14-ம் 43-ம். குளிர்காலத்தில் காலை ஸ்டார்ட்டில் 60-ஐத் தாண்டும். ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் பழைய ஃபில்டரை அறுத்துப் பார்க்கிறேன். முதல் தடவை மட்டும் அலுமினிய மினுமினுப்பு கொஞ்சம் இருந்தது. மூடியைத் தேய்த்தபோது எங்கோ தங்கிய தூளாக இருக்க வேண்டும். அதன் பிறகு இல்லை.

கியர்களைக் குறை சொல்ல முடியாது. போன மாதம் கேஸ்கெட் ஓரத்தில் ஆயில் கசிந்ததால் மூடியைத் திறந்தேன். பற்களில் வரி விழவில்லை. குழியின் சுவர் விஷயம் வேறு. பல் முனைக்கும் சுவருக்கும் நடுவே மேனுவல்படி 0.0025 அங்குலத்துக்குமேல் போகக்கூடாது. ஒரு பக்கம் 0.004 ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைகிறது. இதைத் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை, டைமிங் கவரையே மாற்ற வேண்டும். ஐடில் 13-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடலாம் என்று புது கவர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். கராஜ் அலமாரியில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.