பொறுப்பு கைமாறிய பிறகு: மட்டக்களப்பில் ஒரு விலங்கு மீட்பு நிலையம்

நான்கு வருடமாக இவர்களிடம் நாய்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள் நான். தொடங்கி நடத்திய அம்மா வயது காரணமாக ஒதுங்கிவிட்டார், இப்போது இளம் மிருக வைத்தியர் ஒருவர் பொறுப்பெடுத்திருக்கிறார். உண்மையில் பயந்தேன், ஏனென்றால் அம்மா இருந்தபோது இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் தானே ஆட்டோ பிடித்து வந்து நிற்பார்.

மூன்று மாதத்துக்கு முன் கல்லடிப் பாலத்தடியில், சொறி பிடித்து மயிரெல்லாம் கொட்டிய பெட்டை நாயொன்றைக் கண்டு இரவில் அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலைதான் வந்தார்கள், அது எனக்கு இன்னும் மனவருத்தம். ஆனால் வந்த பிறகு செய்த வேலை நல்ல சுத்தம்: மற்ற நாய்களோடு விடாமல் தனிக்கூட்டில் வைத்தார்கள் (முன்பு எல்லாம் ஒன்றாகத்தான், ஒரு குட்டிக்கு பார்வோ என்ற தொற்றுநோய் வந்தால் வரிசையாகச் சாகும்), உடம்பு தேறியதும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டு, கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்து, கையில் அட்டையும் தந்தார்கள். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை 2006இல் அரசாங்கம் நிறுத்திய பிறகு இந்த இரண்டும்தான் வழி, அதைப் புதியவர் சரியாகப் பிடித்திருக்கிறார்.

நன்கொடைக் கணக்கும் இப்போது மாதாமாதம் வாசலில் ஒட்டப்படுகிறது. சரி, நல்லது.

அப்புறம் ஒன்று டொக்டர், அம்மாவோடு நின்ற பொடியன்மார் இரண்டு பேரும் விலகிப் போய்விட்டார்கள். இரவில் நாய் பிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான், தயவுசெய்து திரும்பக் கூப்பிடுங்கள்.